முதல் கட்டிலுக்கு மேலே போகும் குழாய்

அலுவலகத்தில் அவளுக்குக் கடுகு என்று பெயர். எண்ணெய் காயும்வரைகூடப் பொறுக்க மாட்டாள், பாத்திரத்தைப் பார்த்தாலே வெடித்துவிடுவாள் என்று யாரோ வைத்த பெயர். வைத்தது யாரென்று அவளுக்குத் தெரியும். அந்த ஆளிடம் மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்து, பெயர் பொருத்தம்தான் என்று அவளே நிரூபித்தும் விட்டாள்.

வேலை, தீ பாதுகாப்பு ஆய்வாளர். புதுக் கட்டடம் எதுவானாலும் திறப்பதற்கு முன் போய்ப் பார்த்து, இங்கே மனிதர்கள் இருக்கலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, மாடிப்படியில் யார் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள், அபாய மணி அடிக்கிறதா, இல்லை அழகுக்கு மாட்டியிருக்கிறதா என்றெல்லாம் அவள் கேட்கும்போது கட்டடக்காரர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலை அப்படிச் சிரித்துக்கொண்டு நின்றவர் ஏசி கான்ட்ராக்டர். மூன்றாவது மாடியில் புதிதாக ஒரு டயாலிசிஸ் சென்டர். கட்டில்கள் வந்து இறங்கிவிட்டன, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மேலே கூரைப் பலகைகள் இன்னும் மூடப்படாததால், காற்றைக் கொண்டுபோகும் குழாய்கள் வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாட்டில் வந்து இறங்குவது நன்றாகத் தெரிந்தது. தகரக் குழாய் இல்லை. பிளாஸ்டிக். மேலே பளபளவென்று அலுமினியத் தாள் சுற்றியது.

"பிளாஸ்டிக்னா பயப்படாதீங்க மேடம். இது தீப்பிடிக்காத ஐட்டம்" என்று சொல்லி, வெட்டிவைத்த துண்டு ஒன்றை எடுத்தார் கான்ட்ராக்டர். சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்து வெள்ளித்தாளில் காட்டினார். தாள் லேசாகக் கறுத்தது, அவ்வளவுதான். அவர் துண்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்தார். முட்டையிலிருந்து புறா வரவழைத்தவர் மாதிரி நின்றார்.

கூட வந்திருந்த கடுகின் மேலதிகாரி தலையை ஆட்டினார். எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்று சொல்வதால் அவருக்கு ஆகட்டும் சார் என்று பெயர். எத்தனையோ வருடமாக அந்த அலுவலகத்தில் சாம்பிளை இப்படித்தான் பார்க்கிறார்கள். திரைச்சீலை, சுவர்ப்பலகை, கூரைப்பலகை எதுவானாலும் முகப்பில் நெருப்பைக் காட்டு, பிடிக்கவில்லையா, சரி, அடுத்தது. திரைச்சீலைக்கு அது சரிதான். அதே கையோடு குழாயையும் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

கடுகு கையை நீட்டினாள். "அதை இப்படிக் குடுங்க."

துண்டை வாங்கியதும் அவள் கை தானாகவே ஒரு வேலை செய்தது. அவள் அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி போட வசதியாக இடது கைப் பக்கம் பிரித்து, கொக்கி வைத்துத் தைத்த ரவிக்கைகள்தான் போடுவாள். அவற்றைத் துவைத்துக் காயவைக்கும்போது கையை உள்பக்கமாகத் திருப்பிப் போடுவது கடுகின் வேலை. அந்தப் பழக்கத்தில், உள்ளே கையை விட்டு, ஓரத்தைப் பிடித்து, ரவிக்கைக் கையைத் திருப்புவது போலக் குழாய்த் துண்டைத் திருப்பிவிட்டாள். உள்ளே கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்கடியில் மஞ்சளாக ஸ்பாஞ்சு.

"மேடம், அது உள்பக்கம்" என்றார் கான்ட்ராக்டர்.

"தெரியுது. காத்து எந்தப் பக்கமா போகுது?"

"உள்பக்கமாதான்."

"மோட்டார் எரிஞ்சு நெருப்புப்பொறி கிளம்பினா, அது காத்தோட உள்ள போகுமா, இல்ல வெளிய நின்னு உங்க வெள்ளித்தாளை ரசிச்சுட்டுப் போகுமா? லைட்டரைக் குடுங்க."

கான்ட்ராக்டர் லைட்டரைத் தரத் தயங்கினார். அவளே பிடுங்கிக்கொண்டாள். சுடரைக் கிட்டே கொண்டுபோனதுதான் தாமதம், உறை சுருண்டு, ஒரு நொடியில் பற்றிக்கொண்டது. எரிகிற சொட்டுகள் தரையில் விழுந்தன, விழுந்த இடத்திலும் எரிந்தன. புதுத் தரைவிரிப்பில் பொத்தல் பொத்தலாக ஓட்டை. ஸ்பாஞ்சு பற்றியதும் கன்னங்கரேலென்று புகை கிளம்பி, ஆகட்டும் சார் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார். கடுகு செருப்புக் காலால் மிதித்து அணைத்தாள். கண்ணில் நீர் கொட்டியது. தொண்டை ரணமாக எரிந்தது.

"இவ்ளோ சின்னத் துண்டுக்கே ஓடுறீங்களே சார், இங்க படுத்திருக்கிறவங்க எங்க ஓடுவாங்க?" என்று கத்தினாள். "கையில ரெண்டு ஊசி. ரத்தம் பூரா வெளிய மெஷின்ல சுத்திட்டிருக்கும். எந்திரிச்சு ஓடுன்னா எப்படி ஓடுவாங்க? இந்தக் குழாய் நேரா அவங்க மூக்குக்குப் புகையைக் கொண்டு வந்து ஊட்டும்!"

"ஆகட்டும், ஆகட்டும், பேசிக்கலாம்" என்றார் மேலதிகாரி ஜன்னலிலிருந்தபடியே.

"உள்பக்கமும் வெளிப்பக்கமும் ரெண்டும் பார்க்கணும்னுதான் சார் விதியே சொல்லுது."

"விதி ஆயிரம் சொல்லும்மா. இத்தனை வருஷமா நாம எப்படிப் பார்க்கிறோம்? இப்ப புதுசா ஆரம்பிச்சா, பழசெல்லாம் என்ன ஆகும்?"

அந்தக் கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அவள் அப்போது கோபத்தில் இருந்தாள். காதில் விழுந்தது, மண்டைக்குப் போகவில்லை.

மிச்சத் துண்டைக் கைப்பையில் திணித்துக்கொண்டு அவள் படியிறங்கும்போது கான்ட்ராக்டர் பின்னாலேயே வந்தார். சிரிப்பு மறுபடி முகத்தில் ஏறியிருந்தது. "மேடம், உங்க அக்கா பாவம், ஊருக்கு அந்தக் கோடிக்குப் போய் டயாலிசிஸ் பண்ணிட்டு வர்றாங்களாமே. இது உங்க வீட்டுக்கு நடந்து வர்ற தூரம். பெரிய டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். முதல் கட்டில் அவங்களுக்குத்தான்."

கடுகுக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல் இருந்தது. வைக்கவில்லை. அதுதான் அன்று அவள் காட்டிய ஒரே பொறுமை.

*

அக்கா டயாலிசிஸ் முடித்து வரும் நாள் அது. ஒரு பஸ், இறங்கி நின்று இன்னொரு பஸ், அப்புறம் தெருமுனையிலிருந்து நடை. போகும்போது வீங்கிய காலோடு போவாள், வரும்போது பிழிந்துபோட்ட துணியாக வருவாள். எப்போதும் கூடப் போய் வருவது அத்தான்தான். கடுகும் அவர்களோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறாள், ஆனால் அக்கா இப்போது போகும் பழைய சென்டர் வாசலோடு சரி, உள்ளே ஒருநாளும் போனதில்லை. வேலை, வேலை என்று ஓடுகிறவளுக்கு எங்கே நேரம்.

கடுகு விஷயத்தைச் சொன்னதும் அக்கா முதலில் கேட்டது இதைத்தான்: "அப்ப சென்டர் திறக்க மாட்டாங்களா?"

"குழாயை மாத்தினாத் திறப்பாங்க."

"எப்ப மாத்துவாங்க?"

"மாசக்கணக்காகும்."

அக்கா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து குடிக்கிற தண்ணீர். அதைக் குடிக்காமலே வைத்தாள் என்றால் கோபம் உச்சியில் என்று அர்த்தம்.

"மாசக்கணக்கு! வாயால சொல்லிட்டே. நீயா ரெண்டு பஸ் மாறிப் போற? போன வாரம் பஸ்லயே வாந்தி எடுத்தேன், பக்கத்துல இருந்தவ சேலையைத் தூக்கிட்டு எந்திரிச்சுப் போனா. எனக்குன்னு ஒரு இடம் பக்கத்துல வருது, அதுலயும் நீ போய்த்தான் மண்ணை அள்ளிப் போடணுமா?"

"நான் உனக்காகத்தான்..."

"எனக்காக ஒண்ணும் பண்ணாதே! நீ உன் ரூலுக்காகப் பண்றே. சின்ன வயசுலயும் இப்படித்தான், ஸ்கூல்ல எல்லாப் புள்ளைங்க பேரையும் போர்டுல எழுதி வெச்சு வாத்தியார்கிட்ட அடி வாங்கிக் குடுத்தவதானே நீ."

"அதை எதுக்கு இப்ப இழுக்கிற?"

"இழுப்பேன். தீயெல்லாம் எங்கயோ ஆயிரத்துல ஒரு இடத்துல வரும். என் கால் வீக்கம் நாளைக்கே வரும்."

அத்தான் இருவருக்கும் நடுவில் நின்று, "விடும்மா... நீயும் விடு" என்று ஆளுக்கொரு 'விடு' கொடுத்தார். யாரும் விடவில்லை. கடுகு விருட்டென்று எழுந்து, கைப்பையிலிருந்து குழாய்த் துண்டை எடுத்து அக்கா மடியில் போட்டாள்.

அக்கா அதைக் கையிலெடுத்துப் பார்த்தாள். வெள்ளித்தாளைத் தடவினாள். "பத்த வெச்சுக் காட்டு" என்றாள்.

கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்துக் கடுகு பற்ற வைத்தாள். முதலில் வெளிப்பக்கம். ஒன்றுமில்லை. அப்புறம் திருப்பி உள்பக்கம். காலையில் பார்த்ததேதான்: சொட்டுச் சொட்டாக நெருப்பு, கரும்புகை, தொண்டையைக் கிழிக்கிற நாற்றம். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலை அறைந்து சாத்தினாள். அக்கா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, அணையும்வரை நகராமல் பார்த்தாள்.

"இந்த மாதிரிக் குழாய் எல்லா இடத்துலயும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும்? என் தலையில கட்டினதை நான் பார்க்கிறேன். நீதான் எனக்காக ஒண்ணும் பண்ணாதேன்னுட்டியே" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கடுகு உள்ளே போனாள்.

*

திறக்கக் கூடாது என்று அவள் எழுதிக் கொடுத்தாள். அதற்கடுத்த நாளே அந்தக் கட்டடம் அவள் பொறுப்பிலிருந்து போய்விட்டது. "சொந்தக்காரங்க சிகிச்சை எடுக்கப்போற இடம், நீ பார்த்தா நல்லா இருக்காதும்மா" என்று ஆகட்டும் சார் நியாயம் பேசினார். அவரே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, அவரே ஒப்புதலும் கொடுத்துவிட்டார். கடுகு அவர் மேஜை மேல் கையை ஓங்கித் தட்டினாள். டீ கொட்டியது. "கொட்டட்டும்" என்றாள். மேலே எழுதினாள், இன்னும் மேலே எழுதினாள். 'பரிசீலிக்கிறோம்' என்ற ஒரு வார்த்தை எங்கிருந்தோ திரும்பி வந்தது.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. திறப்பு விழாவன்று முதல் கட்டிலில் படுக்கச் சம்மதம் என்று அக்கா சொல்லி அனுப்பிவிட்டாள்.

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? கண்ணால பார்த்தேதானே!" கடுகு வீடே அதிரக் கத்தினாள்.

"பார்த்தேன்."

"அப்புறமும் போறியா? அந்த ஆள் வீசின எலும்புக்கு ஓடுறியா?"

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. அக்கா ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்த ஊசியை ஜாக்கிரதையாகத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். அதன்பிறகு திறப்பு விழாவரை இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உப்பு எங்கே, சோப்பு எங்கே என்பதைக்கூட அத்தான் வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

*

விழாவுக்குக் கடுகு போவதாக இல்லை. அத்தானுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை என்பதால் வேறு வழியில்லாமல், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கூடப் போனாள். கூரைப் பலகைகளை மூடியிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று, காற்று வரும் துளைகள் மட்டும் தெரிகிற சுத்தமான கூரை. தரையில் பொத்தல் விழுந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது.

கட்டில்களில் ஏழெட்டுப் பேர். எல்லோரும் அக்காவோடு பழைய சென்டரில் படுத்துப் பழகியவர்கள். எப்போதும் காதோரம் சின்ன ரேடியோ வைத்திருப்பதால் ரேடியோக்காரர் என்று பெயர் வாங்கிய ஒருவர் இரண்டாவது கட்டிலில் இருந்தார். அக்காவுக்கு அன்று கால் இரண்டும் கொழுக்கட்டையாக வீங்கி, மூச்சும் இழுத்தது. முறை தப்பினால் தாங்காத உடம்பு. அது கடுகுக்கும் தெரியும், சென்டரை நடத்தும் பெரிய டாக்டருக்கும் தெரியும்.

ரிப்பன் வெட்டியாயிற்று. விருந்தாளிகள் முதல் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஆகட்டும் சார் முன்வரிசையில். கான்ட்ராக்டர் அவர் பக்கத்தில், சிரிப்போடு. படம் எடுக்க ஆள் தயார். நர்ஸ் ஊசியோடு குனிந்து, "கையை நீட்டுங்கம்மா" என்றாள்.

அக்கா கையை நீட்டவில்லை. இடது கையை வலது கையால் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அந்தக் கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடத்தைத் தொட்டால் உள்ளே வண்டு பறக்கிற மாதிரி அதிரும். அதுதான் அவள் உயிர்.

"என்னம்மா, பயமா?" என்று பெரிய டாக்டர் செல்லமாகக் கேட்டார்.

"ஆமா டாக்டர். பயம்தான்" என்றாள் அக்கா. "பழைய எடத்துல ஒரு நாள் அபாய மணி அடிச்சுது. என்னன்னு தெரியல. ஆபீஸ்ல இருந்தவங்க ஓடினாங்க. துணைக்கு வந்தவங்க ஓடினாங்க. நர்ஸுங்களும் கதவுவரைக்கும் ஓடிட்டாங்க. பாவம், அவங்களுக்கும் புள்ளைக்குட்டி இருக்கு. நாங்க மட்டும் படுத்திருந்தோம். ஊசியைப் பிடுங்கினா ரத்தம் பீச்சியடிச்சுச் சாகணும், பிடுங்காட்டி அங்கேயே சாகணும். இந்த ரேடியோக்காரர் யாராவது வாங்கடான்னு கத்தினார். ஒருத்தரும் வரல. யாரோ தெரியாம பட்டனை அழுத்திட்டாங்கன்னு அப்புறம் சிரிச்சுட்டே வந்து சொன்னாங்க. நான் வீட்ல யாருக்கும் சொல்லல. என் தங்கச்சிக்குக்கூடச் சொல்லல. சொன்னா அவ அங்க போய்ச் சண்டை போட்டு, இருக்கிற ஒரு எடமும் போயிடும்னு பயம்."

கடுகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கிட்டே வந்தாள்.

"அன்னைக்கு நிஜமா தீ வரல. இங்க வந்தா, இந்தக் கட்டிலுக்கு மேல போற குழாய் உள்பக்கமா எரியும். நான் கண்ணால பார்த்தேன், எங்க வீட்டுத் துவைக்கிற கல்லு மேல. இதோ நிக்கிறாரே, இந்தச் சாரும் பார்த்தார், இருமிட்டே ஓடினார். பார்த்துட்டு வந்து ஓகேன்னு எழுதிக் குடுத்துட்டார்." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி, இழுத்து, மறுபடி பேசினாள். "ஏன் சார், நீங்க இந்தக் கட்டில்ல நாலு மணி நேரம் படுப்பீங்களா? கையைக் கட்டிட்டு? மேல அந்தக் குழாயைக் கழட்டுங்க. கழட்டினப்புறம் நான் கையை நீட்டறேன்."

ஆகட்டும் சார் வாயைத் திறந்தார். வழக்கமாக வருகிற அந்த வார்த்தைகூட வரவில்லை. கான்ட்ராக்டர்தான் முந்திக்கொண்டு, "அம்மாவுக்கு உடம்பு முடியல, ஏதோ பேசறாங்க. அடுத்த பேஷன்டைப் பாருங்க சிஸ்டர்" என்றார்.

நர்ஸ் இரண்டாவது கட்டிலுக்குத் திரும்பினாள். ரேடியோக்காரர் ரேடியோவை அணைத்தார். ஏற்கெனவே நீட்டி வைத்திருந்த கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். "எனக்கும் வேணாம்மா. இந்த அம்மா கழட்டச் சொன்னதைக் கழட்டட்டும்." மூன்றாவது கட்டிலில் இருந்த பெண்ணும் கையை மடக்கினாள். அப்புறம் அடுத்தது. கடைசிக் கட்டில்வரை ஒரு கைகூட வெளியே இல்லை. படம் எடுக்க வந்தவன் அதைத்தான் படம் எடுத்தான். கான்ட்ராக்டர் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு அப்போதுதான் மொத்தமாக உதிர்ந்தது.

பெரிய டாக்டர் பூந்தொட்டியைப் பார்த்தார். அதைக் காலால் நகர்த்தி, கீழே இருந்த பொத்தல்களைப் பார்த்தார். அன்று சென்டர் திறக்கவில்லை.

*

ஒரு பஸ், அப்புறம் இன்னொரு பஸ். அக்கா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, நீர் கோத்த நெஞ்சோடு மூச்சுக்குப் போராடினாள். பழைய சென்டரில் ஒரு கட்டில் ஒழித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கடுகு ஆட்டோ பிடிக்கலாம் என்றதற்கு, "இவ்ளோ தூரம் எந்த ஆட்டோக்காரன் வருவான், வாயை மூடிட்டு வா" என்று எரிந்து விழுந்தாள். பேச்சு திரும்ப வந்துவிட்டது. அதுவே கடுகுக்குப் போதும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எதை? மணி அடிச்சதையா, கையை நீட்ட மாட்டேன்றதையா?"

"ரெண்டையும்தான்."

"சொல்லியிருந்தா நீ விழாவுக்கு முந்தியே போய்க் குதிச்சிருப்பே. அவங்க வேற ஆளைப் படுக்க வெச்சிருப்பாங்க." அக்கா இருமினாள். "எலும்புக்கு ஓடுறேன்னு சொன்னேல்ல. அதுக்கு நான் இன்னும் உன்னை மன்னிக்கல."

"மன்னிக்காதே" என்றாள் கடுகு.

பழைய சென்டரில் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல்முறையாக அவள் உள்ளே போனாள். நீளமான கூடம். பழுப்பேறிய சுவர். அக்கா கட்டிலில் படுத்து, கையை நீட்டினாள். இந்த நர்ஸ் பழகியவள், சட்டென்று இரண்டு ஊசியையும் ஏற்றிவிட்டாள். ரத்தம் குழாயில் ஏறி மெஷினைச் சுற்ற ஆரம்பித்தது. இனி நாலு மணி நேரம் அக்கா அசைய முடியாது.

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் உள்ள வந்திருக்கே" என்றாள் அக்கா, கண்ணை மூடியபடி. "மேல பாரு."

கடுகு மேலே பார்த்தாள். கட்டிலுக்கு நேர் மேலே ஒரு கூரைப் பலகை பெயர்ந்து விலகியிருந்தது. அந்த இடைவெளியில் தூசி படிந்து, ஓரம் கிழிந்து, வெள்ளி நிறத்தில் வளைந்து தொங்கியது குழாய். கிழிசலில் மஞ்சளாக ஸ்பாஞ்சு தெரிந்தது. பழசெல்லாம் என்ன ஆகும் என்று ஆகட்டும் சார் கேட்ட கேள்வி அப்போதுதான் அவள் மண்டைக்குள் இறங்கியது.

"அன்னைக்கு உன்கிட்ட கேட்டேனே, எல்லா இடத்துலயும் இப்படித்தானான்னு. நீ வெடுக்குன்னு போயிட்டே" என்றாள் அக்கா. "எத்தனையோ வருஷமா மல்லாந்து படுத்து இதைத்தான் பார்த்துட்டிருக்கேன்."

கடுகு அக்காவின் நீட்டிய கையைப் பார்த்தாள். ஊசிகளைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள். பிறகு எழுந்து போய் நர்ஸிடம் ஏணி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.